டாக்டருக்கு வழிச்செலவு, நோயாளிக்கு உயிர்!

இளம் டாக்டர் ஒருவர் வெளிநாட்டுக்குப் போகிறார். சில மாதங்கள் அங்கே தங்கி, ஒரு பெரிய நிபுணரிடம் ஆபரேஷன் கற்றுக்கொண்டு திரும்புகிறார். அந்தச் செலவை ஒரு சங்கமோ, ஓர் ஆஸ்பத்திரியோ, அரசாங்கமோ கொடுக்கிறது. இதற்கு உபகாரச் சம்பளம் என்று பெயர்.

"டாக்டர் படிப்பை முடித்தாகிவிட்டது. பட்டமும் வாங்கியாகிவிட்டது. இனி ஊர் சுற்றவும் பணம் கொடுக்க வேண்டுமா?" என்று சிலர் கேட்கிறார்கள்.

கேள்வி நியாயமானதுதான். பிறர் பணத்தில் ஒருவர் பயணம் போனால், அதனால் யாருக்கு என்ன லாபம் என்று கேட்கத்தான் வேண்டும்.

இந்தக் கேள்விக்குச் சுவீடன் நாட்டின் தலைநகரமான ஸ்டாக்ஹோம் பதில் சொல்லியிருக்கிறது. அது வெறும் பேச்சு அல்ல, கணக்கு. எத்தனை பேருக்கு நோய் திரும்பி வந்தது, எத்தனை பேர் மாண்டார்கள் என்ற கணக்கு!

இரண்டு பயங்கள்

பெருங்குடலின் கடைசிப் பகுதிக்கு மலக்குடல் என்று பெயர். அதன் நீளம் சுமார் அரை அடி. பெருங்குடலிலும் மலக்குடலிலும் புற்றுநோய் வருவது உண்டு. 2022-ம் ஆண்டில் மட்டும் உலகம் முழுவதிலும் 19 லட்சத்துக்கு மேற்பட்டவர்களுக்கு இந்த நோய் புதிதாகக் கண்டது. அதே ஆண்டில் சுமார் 9 லட்சம் பேர் இதனால் மாண்டார்கள்.

மலக்குடலில் ஆபரேஷன் செய்வது மிகவும் கடினமான வேலை. இடுப்பு எலும்புகளுக்கு நடுவே, குறுகலான பள்ளத்தில் அது இருக்கிறது. பக்கத்திலேயே மூத்திரப் பை இருக்கிறது. சுற்றிலும் மெல்லிய நரம்புகள் ஓடுகின்றன. நரம்பு அறுபட்டால் மூத்திரம் போவது சிரமமாகும். இல்லற வாழ்க்கையும் பாதிக்கப்படும்.

இந்த நோய் கண்டவர்களை இரண்டு பயங்கள் வாட்டும். "ஆபரேஷன் செய்த பிறகும் நோய் திரும்பி வருமோ?" என்பது ஒன்று. "வாழ்நாள் முழுவதும் வயிற்றில் பை கட்டிக்கொள்ள வேண்டுமோ?" என்பது இன்னொன்று.

அது என்ன பை? 1908-ம் ஆண்டில் லண்டன் டாக்டர் எர்னஸ்ட் மைல்ஸ் ஓர் ஆபரேஷன் முறையை வெளியிட்டார். மலக்குடலையும் ஆசனவாயையும் அடியோடு எடுத்துவிட வேண்டும். மலம் வெளியேற வயிற்றில் ஒரு துவாரம் வைக்க வேண்டும். அந்தத் துவாரத்தின் மேல் பை ஒட்டப்படும். இந்த முறை பல உயிர்களைக் காப்பாற்றியது. சிலருக்கு இன்றும் இது தேவைப்படுகிறது. ஆனால், தேவைப்படாத ஒருவருக்கும் பை வைக்க நேர்ந்தால் அது எவ்வளவு பெரிய துயரம்!

நுங்கு எடுப்பது போல

இங்கிலாந்தின் தென்பகுதியில் பேசிங்ஸ்டோக் என்று ஓர் ஊர் இருக்கிறது. பெரிய நகரம் அல்ல. அங்கே பில் ஹீல்டு என்ற டாக்டர் இருந்தார். நோய் ஏன் திரும்பி வருகிறது என்று அவர் ஆராய்ந்தார்.

மலக்குடலைச் சுற்றிலும் கொழுப்பு இருக்கிறது. அந்தக் கொழுப்பை ஒரு மெல்லிய சவ்வு மூடியிருக்கிறது. புற்றுநோயின் சிறு துணுக்குகள் அந்தக் கொழுப்புக்குள் பரவியிருக்கும். பழைய முறையில், டாக்டர்கள் பள்ளத்துக்குள் கையை விட்டுத் தடவிப் பார்த்துக் குடலைப் பிரித்து எடுத்தார்கள். அப்போது சவ்வு கிழிந்துவிடும். கொழுப்பில் கொஞ்சம் உள்ளேயே தங்கிவிடும். அதிலிருந்து நோய் மறுபடியும் முளைக்கும்.

நுங்கை எடுக்கும்போது தோல் கிழிந்தால் என்ன ஆகும்? உள்ளே இருக்கும் நீர் சிந்திவிடும். முழுசாக எடுக்க வேண்டுமானால் பக்குவமாக எடுக்க வேண்டும். அதைப் போலத்தான் இதுவும். சவ்வுக்கு வெளியே இயற்கையாக ஒரு இடைவெளி இருக்கிறது. கண்ணால் பார்த்தபடியே, அந்த இடைவெளி வழியாகக் கத்தரித்துக்கொண்டு போக வேண்டும். மலக்குடலையும் கொழுப்பையும் சவ்வு கிழியாமல் ஒரே பொட்டலமாக எடுக்க வேண்டும். இதுவே ஹீல்டு கண்ட வழி. 1982-ம் ஆண்டில் அவர் இதை மருத்துவப் பத்திரிகையில் எழுதினார்.

படித்தால் மட்டும் போதுமா?

பத்திரிகையில் வந்துவிட்டது. படிக்கத் தெரிந்த டாக்டர்கள் எல்லோரும் படிக்கலாம். ஆனாலும் பத்து ஆண்டுகள் கழிந்த பிறகும் பல ஊர்களில் பழைய முறையே நடந்தது.

அந்த டாக்டர்கள் சோம்பேறிகள் அல்ல. கிணற்றில் இறங்காமல் நீச்சல் வருமா? கத்தியை எங்கே வைப்பது, எவ்வளவு இழுத்துப் பிடிப்பது, அந்த இடைவெளி கண்ணுக்கு எப்படித் தெரியும் என்பவை எல்லாம் எழுத்தில் அடங்காத விஷயங்கள். தெரிந்தவர் செய்து காட்ட வேண்டும். கற்பவர் செய்து பார்க்க வேண்டும்.

ஸ்டாக்ஹோம் டாக்டர்கள் இதை உணர்ந்தார்கள். 1994-ம் ஆண்டு முதல் அங்கே பயிற்சி முகாம்கள் நடந்தன. இங்கிலாந்திலிருந்து குரு வந்தார். ஆபரேஷன் செய்து காட்டினார். அதை டெலிவிஷன் திரையில் டாக்டர்கள் பார்த்தார்கள். 1997-ம் ஆண்டுக்குள் இப்படி 11 செயல் விளக்கங்கள் நடந்தன. வெட்டி எடுத்த குடலைப் பரிசோதிப்பது பற்றியும் இரண்டு வகுப்புகள் நடந்தன. எடுத்த பொட்டலம் முழுசாக இருக்கிறதா, கிழிந்திருக்கிறதா என்று பரிசோதனை டாக்டர் பார்த்துச் சொன்னால்தானே, ஆபரேஷன் செய்தவருக்குத் தம் வேலையின் தரம் தெரியும்?

கணக்கு சொன்ன உண்மை

ஸ்டாக்ஹோம் வட்டாரத்தில் அதற்கு முன்பு இரண்டு பெரிய ஆராய்ச்சிகள் நடந்திருந்தன. அவை 1980-ம் ஆண்டு முதல் 1993-ம் ஆண்டு வரை நடந்தவை. அந்தக் கணக்கையும், 1995, 1996-ம் ஆண்டுகளில் ஆபரேஷன் செய்துகொண்டவர்களின் கணக்கையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். முடிவு 2000-ம் ஆண்டில் 'லான்செட்' என்ற மருத்துவப் பத்திரிகையில் வெளிவந்தது.

முன்பு, ஆபரேஷன் முடிந்த 2 ஆண்டுகளுக்குள் அதே இடத்தில் நோய் திரும்பியவர்கள் 100-க்கு 14 அல்லது 15 பேர். பயிற்சிக்குப் பிறகு 6 பேர்!

முன்பு, ஆசனவாயையும் எடுத்துவிட்டு நிரந்தரமாகப் பை வைக்க நேர்ந்தவர்கள் 100-க்கு 55 முதல் 60 பேர். பயிற்சிக்குப் பிறகு 27 பேர்!

முன்பு, புற்றுநோயால் இறந்தவர்கள் 100-க்கு 15 அல்லது 16 பேர். பயிற்சிக்குப் பிறகு 9 பேர்!

நன்மை முழுவதும் பயிற்சியால் மட்டுமே வந்தது என்று சொல்லிவிட முடியாது. காலம் செல்லச் செல்ல மற்ற சிகிச்சைகளும் முன்னேறும். முன்பு இருந்த நோயாளிகள் வேறு, பின்பு வந்த நோயாளிகள் வேறு. ஆனாலும் இவ்வளவு பெரிய மாறுதலைத் தற்செயல் என்று தள்ளிவிடவும் முடியாது. புது மருந்து எதுவும் கண்டுபிடித்து இதைச் சாதிக்கவில்லை. அதே ஊர்; அதே நோய்; கை மட்டும் பழகிக்கொண்டது!

நெதர்லாந்து நாடு இன்னும் ஒரு படி மேலே போயிற்று. 1996-ம் ஆண்டு முதல் 1999-ம் ஆண்டு வரை அங்கே 1,861 நோயாளிகளை வைத்து ஒரு பெரிய ஆராய்ச்சி நடந்தது. புதிய முறைப்படி செய்யும் முதல் 5 ஆபரேஷன்களின்போது, கற்றுத் தேர்ந்த ஒருவர் பக்கத்தில் நின்று மேற்பார்வை செய்ய வேண்டும் என்று ஒரு விதி வைத்தார்கள். எல்லா நாடுகளும் பின்பற்றத்தக்க விதி இது.

சீடன் தேடிப் போகும் இடம்

குரு எல்லா ஊருக்கும் போக முடியாது. ஆகவே சீடர்கள் குருவைத் தேடிப் போக வேண்டியிருக்கிறது. அப்படிப் பல நாட்டு டாக்டர்கள் தேடிப் போகும் இடங்களில் ஒன்று, லண்டனில் உள்ள செயிண்ட் மார்க்ஸ் ஆஸ்பத்திரி.

1835-ம் ஆண்டில் பிரெடரிக் சால்மன் என்ற டாக்டர் 7 கட்டில்களோடு அதைத் தொடங்கினார். பவுத்திரம் முதலிய நோய்களால் அவதிப்பட்ட ஏழைகளுக்காகத் தொடங்கினார். பெரிய எழுத்தாளர் சார்லஸ் டிக்கன்சுக்கும் 1841-ம் ஆண்டில் சால்மன்தான் பவுத்திர ஆபரேஷன் செய்தார். மயக்க மருந்து இல்லாத காலம் அது! அதே ஆஸ்பத்திரியில் பணியாற்றிய கத்பர்ட் டியூக்ஸ் என்ற பரிசோதனை டாக்டர், 1932-ம் ஆண்டில் மலக்குடல் புற்றுநோயை ஏ, பி, சி என்று வகுத்தார். நோய் எவ்வளவு தூரம் பரவியிருக்கிறது என்பதை உலக டாக்டர்கள் ஒரே மாதிரியாகப் பேச அது உதவியது.

நர்சுகளும் போக வேண்டும்

டாக்டர் மட்டும் கற்றுவந்தால் போதாது. வயிற்றில் பை வைத்த நோயாளிக்கு, அதை எப்படி ஒட்டுவது, தோல் புண்ணாகாமல் எப்படிக் காப்பது என்று யார் சொல்லிக் கொடுப்பது?

அமெரிக்காவில் நார்மா கில் என்ற பெண்மணி இருந்தார். அவரே குடல் நோயால் துன்பப்பட்டு, வயிற்றில் துவாரம் வைத்துக்கொண்டவர். 1958-ம் ஆண்டில் கிளீவ்லண்ட் கிளினிக் ஆஸ்பத்திரி டாக்டர் ரூபர்ட் டர்ன்புல் அவரை வேலைக்கு அழைத்தார். மற்ற நோயாளிகளுக்குத் தைரியம் சொல்வதும், பை கட்டக் கற்றுக் கொடுப்பதும் அவர் வேலை. 1961-ம் ஆண்டில் அதற்கென்று அங்கே ஒரு பயிற்சிப் பள்ளியே தொடங்கப்பட்டது. பிற்காலத்தில், வசதி குறைந்த நாடுகளில் இந்தப் பணியைக் கற்க விரும்பும் நர்சுகளுக்கு உதவ அவர் பெயரால் ஒரு நிதியும் ஏற்பட்டது. நோயாளியாக இருந்த ஒரு பெண் உலகத்துக்கே ஆசிரியை ஆனார்!

எங்கே குறை?

ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் உள்ள மருத்துவச் சங்கங்கள் வெளிநாட்டு இளம் டாக்டர்களுக்கு உபகாரச் சம்பளம் தருகின்றன. பாராட்ட வேண்டிய காரியம். ஆனால் குறைகளும் உண்டு.

பல நாடுகளில், அந்த நாட்டில் பதிவு செய்துகொள்ளாத டாக்டர் நோயாளியைத் தொடக் கூடாது. பக்கத்தில் நின்று பார்க்கலாம், அவ்வளவுதான். நோயாளியின் பாதுகாப்புக்காக வைத்த சட்டம் அது. அதைக் குறை சொல்ல முடியாது. ஆனால், பதிவு செய்ய ஆகும் பணமும் காலமும் ஏழை நாட்டு டாக்டருக்குப் பெரிய சுமை.

விமானச் செலவு கிடைத்தாலும் வீட்டுச் செலவு நிற்காது. சம்பளமில்லாத லீவில் போனால் குடும்பம் எப்படி நடக்கும்? கைக்குழந்தை உள்ள பெண் டாக்டர் எப்படிப் போவார்? கடைசியில் வசதி உள்ளவர்களே போகிறார்கள். திறமை இருந்தும் வசதி இல்லாதவர்கள் நின்றுவிடுகிறார்கள்.

திரும்பி வந்த பிறகும் சங்கடம் உண்டு. கற்றுவந்த வேலையைச் செய்யக் கருவி இல்லை. பரிசோதனை டாக்டர் இல்லை. மூத்தவர்கள் இடம் கொடுப்பதில்லை. சில மாதங்களில் கை மறந்துவிடும். சிலர் மனம் வெறுத்து வெளிநாட்டுக்கே திரும்பிப் போய்விடுகிறார்கள். அவர்களை மட்டும் குற்றம் சொல்வது நியாயமாகாது.

செய்ய வேண்டியது என்ன?

உபகாரச் சம்பளம் கொடுப்பவர்கள் பயணச் சீட்டோடு நின்றுவிடக் கூடாது. தங்கும் செலவு, பதிவுக் கட்டணம், குடும்பச் செலவு ஆகியவற்றையும் சேர்த்தே கணக்கிட வேண்டும்.

டாக்டரை அனுப்பும் ஆஸ்பத்திரி அவருக்குச் சம்பளத்தோடு லீவு கொடுக்க வேண்டும். திரும்பி வந்ததும் இன்ன வேலை, இன்ன கருவி என்று முன்கூட்டியே எழுதிக் கொடுக்க வேண்டும்.

கற்பிக்கும் ஆஸ்பத்திரி, பார்த்துவிட்டுப் போங்கள் என்று சொல்லாமல், சட்டத்துக்கு உட்பட்டு, கையில் கருவி கொடுத்துக் கற்பிக்க வழி செய்ய வேண்டும்.

முடிந்த இடங்களில் குருவையே அழைத்து வர வேண்டும். ஒருவர் வெளிநாடு போனால் ஒருவர் கற்றுக்கொள்வார். குரு இங்கு வந்தால் டாக்டர், நர்சு, மயக்க மருந்து கொடுப்பவர், பரிசோதனை டாக்டர் எல்லோரும் சேர்ந்து கற்கலாம். ஸ்டாக்ஹோமின் வெற்றி ரகசியம் இதுவே.

எல்லாவற்றுக்கும் மேலாக, கணக்கு வைக்க வேண்டும். டாக்டர் போய்வந்த பிறகு எத்தனை பேருக்கு நோய் திரும்பியது? எத்தனை பேர் பையில்லாமல் வீடு திரும்பினார்கள்? இந்தக் கணக்கு இருந்தால்தான் பணம் பலன் தந்ததா என்று தெரியும். சட்டம் போட்டுச் சுவரில் மாட்டும் சான்றிதழ் அதைச் சொல்லாது.

பயிற்சிக்குச் செலவாகும் பணம் கண்ணுக்குத் தெரிகிறது. பயிற்சி இல்லாததால் போகும் உயிர்கள் எந்த வரவு செலவுப் புத்தகத்திலும் ஏறுவதில்லை. அந்தச் செலவுதான் மிகப் பெரியது. அதை மிச்சப்படுத்த வேண்டுமானால், கற்க விரும்பும் இளம் டாக்டருக்கு வழிச்செலவு கொடுத்தே ஆக வேண்டும்!