1962-இல் ஓர் இரவு

'தீம்' என்ற ஆங்கிலச் சொல்லுக்குத் தமிழில் 'கருப்பொருள்' என்று எழுதும் வழக்கம் இப்போது பரவலாகிவிட்டது. தொல்காப்பியத்தில் கொஞ்சம் புழங்கியவர்களுக்கு இது சற்று உறுத்தும். அங்கே கருப்பொருள் என்பது தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை, பறை, தொழில், யாழ் என ஒரு நிலத்தில் காணக் கிடைப்பவை. நிலமும் பொழுதும் முதற்பொருள். அந்த நிலத்தில், அந்தப் பொழுதில் மனிதர்களுக்குள் நேர்வது உரிப்பொருள். கருப்பொருள் விடுதிகள் என்று அழைக்கப்படும் தங்குமிடங்களைப் பார்த்தால், இந்த மொழிபெயர்ப்பு தற்செயலாகச் சரியாக அமைந்துவிட்டது என்றே தோன்றுகிறது. அவற்றில் கருப்பொருளுக்குப் பஞ்சமே இல்லை. உரிப்பொருளைத்தான் தேட வேண்டியிருக்கிறது.

நியூயார்க்கின் ஜே.எஃப்.கே. விமான நிலையத்துக்குள் இருக்கும் டி.டபிள்யூ.ஏ. விடுதி இவ்வகையில் மிகவும் பேசப்பட்ட ஒன்று. காலை விமானம் ஒன்றைப் பிடிப்பதற்காக, ஒன்பது வயது மகளுடனும் ஐந்து வயது மகனுடனும் நாங்கள் அங்கே ஓர் இரவு தங்கினோம். பயண அனுபவம் எழுதுவது நோக்கமல்ல. அந்த இடம் எங்களுக்குள் கிளப்பிவிட்ட ஒரு வாதம் இன்னும் தீரவில்லை. அதைத்தான் இங்கே வைக்க விரும்புகிறோம்.

முதலில் கட்டடத்தைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். பின்லாந்தில் பிறந்து, சிறு வயதிலேயே அமெரிக்காவுக்கு வந்த ஏரோ சாரினென் டி.டபிள்யூ.ஏ. விமான நிறுவனத்துக்காக வடிவமைத்த முனையம் அது. நான்கு கான்கிரீட் ஓடுகள் ஒன்றையொன்று சாய்ந்து தாங்கிக்கொண்டு நிற்க, அவற்றின் பாரத்தை நான்கு கிளைத்த தூண்கள் வாங்கிக்கொள்கின்றன. உள்ளே நேர்க்கோடு என்று ஒன்றைத் தேடிப் பிடிக்க வேண்டும். சுவர் வளைந்து தரையாகிறது, தரை எழுந்து இருக்கையாகிறது. எல்லோரும் அதைச் சிறகு விரித்த பறவை என்றார்கள். சாரினெனோ பறவையாகத் தெரிவது தற்செயல் என்று சொல்லிவந்தார். 1961 செப்டம்பரில், தமது ஐம்பத்தோராவது வயதில் அவர் இறந்துபோனார். கட்டடம் திறக்கப்பட்டது 1962 மே மாதத்தில். தன் முனையத்தில் பயணிகள் நடமாடுவதை அவர் பார்க்கவே இல்லை.

கட்டடத்துக்கும் நல்ல காலம் நீண்ட நாள் வாய்க்கவில்லை. அது வரையப்பட்டது ஐம்பதுகளின் நடுவில். விசிறி விமானங்களின் காலம். திறக்கப்பட்டபோது ஜெட் விமானங்கள் வந்துவிட்டிருந்தன. 1970-இல் போயிங் 747 வந்து, ஒரே விமானத்திலிருந்து நானூறு பேரை இறக்கிவிடத் தொடங்கியபோது, அந்த அழகிய வளைவுகள் வெறும் நெரிசலாயின. 1994-இல் நியூயார்க் நகரம் அதைப் பாதுகாக்கப்பட்ட சின்னமாக அறிவித்தது. 2001-இல் டி.டபிள்யூ.ஏ.வை அமெரிக்கன் ஏர்லைன்ஸ் வாங்கிக்கொண்டது. அவ்வாண்டு இறுதியிலேயே முனையமும் மூடப்பட்டது. இடிக்கவும் முடியாது, பயன்படுத்தவும் முடியாது என்ற நிலையில் பதினேழு ஆண்டுகளுக்கு மேல் கிடந்து, இருபுறமும் 512 அறைகள் சேர்க்கப்பட்டு, 2019 மே மாதத்தில் விடுதியாகத் திறந்தது. 2008-இல் திறக்கப்பட்ட ஐந்தாம் முனையம் அதன் முதுகை ஒட்டி நிற்கிறது.

இந்த விடுதியின் முதற்பொருள் தெளிவானது. நிலம் விமான நிலையம், பொழுது 1962. கருப்பொருள்களும் குறைவின்றி இருக்கின்றன. பள்ளமாக்கப்பட்ட தரையில் மிளகாய்ச் சிவப்பில் இருக்கைகள். இத்தாலியில் செய்யப்பட்ட, எழுத்துகள் சடசடவென்று புரளும் அறிவிப்புப் பலகை. அறைகளில் சாரினென் வடிவமைத்த நாற்காலிகள், சுழற்றுத் தொலைபேசிகள். வெளியே, 1958-இல் கட்டப்பட்ட லாக்ஹீட் கான்ஸ்டலேஷன் விமானம் ஒன்று மதுக்கூடமாக நிற்கிறது. டி.டபிள்யூ.ஏ.வில் பறந்து, அலாஸ்காவில் சரக்குச் சுமந்து, இடையில் கஞ்சா கடத்தவும் பயன்பட்டது என்று விடுதியே பெருமையாகச் சொல்லிக்கொள்ளும் விமானம் அது. 2019 மார்ச்சில் அதை லாரியில் ஏற்றி டைம்ஸ் சதுக்கம் வழியாக ஊர்வலம் விட்டார்கள். நம் ஊர்த் தேர் நினைவுக்கு வராமலிருக்க முடியாது.

குழந்தைகள் என்ன செய்தார்கள்? மகள் தொலைபேசியைப் பார்த்தாள். எண்ணுக்கு மேலிருந்த துளைக்குள் விரலை விட்டு அழுத்தினாள். ஒன்றும் நடக்கவில்லை. "அம்மா, இதுல எங்க அமுக்கணும்?" என்றாள். அமுக்கக் கூடாது, சுழற்ற வேண்டும் என்று காட்டியபோது, ஒன்பதாம் எண்ணைச் சுழற்றிவிட்டு, வட்டு கரகரவென்று திரும்பி வந்து சேரும்வரை மூச்சுவிடாமல் காத்திருந்தாள். யாரையும் அழைக்க வேண்டும் என்ற எண்ணமே அவளுக்கு இல்லை. மீண்டும் ஒன்பது, மீண்டும் ஒன்பது. டிரங்க் கால் பதிந்துவிட்டு அரை நாள் காத்திருந்த வீடுகளில் வளர்ந்த எங்களுக்கு அந்த ஓசையில் வேறு என்னென்னவோ கேட்டன. அவளுக்கு அது வெறும் வட்டு. அவ்வளவு நல்ல வட்டை அவள் அதுவரை பார்த்ததில்லை.

மகனுக்கு ஜன்னல். அறைகளின் கண்ணாடி நாலரை அங்குலத் தடிமன் கொண்டது. ஓடுபாதைப் பக்கம் பார்த்த அறை. பெரும் விமானங்கள் விளக்குகளோடு இறங்கி ஓடுவதைப் பார்க்கலாம், ஒரு முனகல்கூடக் கேட்காது. அவன் கண்ணாடியில் காதை வைத்துப் பார்த்துவிட்டு, "சத்தத்த யாரு நிறுத்தினாங்க?" என்று கேட்டான். பிறகு ஒவ்வொரு விமானம் இறங்கும்போதும் அவனே வாயால் சத்தம் கொடுக்க ஆரம்பித்தான். இரவு பத்து மணி வரை.

கார்ட்டூன் முகங்கள் வரைந்த சுவர்களும், கோட்டை வடிவக் கட்டில்களும், காலைச் சிற்றுண்டிக்குப் பொம்மை வேடமிட்டவர்களும் உள்ள குழந்தைகள் விடுதிகள் உலகெங்கும் உண்டு. அங்கே குழந்தை வாடிக்கையாளர். எதைப் பார்த்து வியக்க வேண்டும் என்பது முன்பே தீர்மானிக்கப்பட்டு, வியப்பு தட்டில் வைத்துத் தரப்படுகிறது. டி.டபிள்யூ.ஏ. விடுதி பெரியவர்களின் ஏக்கத்துக்காகச் செய்யப்பட்டது. குழந்தைகளை யாரும் மனத்தில் வைத்துக்கொள்ளவில்லை. அதனாலேயே அது குழந்தைகளுக்கு நல்ல இடமாக இருக்கிறது என்பது எங்கள் கட்சி. முனையத்திலிருந்து அறைகளை நோக்கிச் செல்லும் அந்தச் சிவப்புக் கம்பளக் குழாய்ப் பாதையை 2002-இல் வந்த ஸ்பீல்பெர்க்கின் 'கேட்ச் மீ இஃப் யூ கேன்' படத்தில் பார்த்தவர்கள் பெரியவர்கள். அந்தக் குழாயில் ஓடுவதற்கு ஒரு குழந்தைக்கு எந்தப் படமும் தேவையில்லை. சாரினென் வளைத்த கான்கிரீட், கால்களுக்கு நேரடியாகப் புரிகிறது.

இதுவரை எங்கள் இருவருக்குள் கருத்து வேற்றுமை இல்லை. அது தொடங்கியது மகளின் ஒரு கேள்வியில். பள்ளத்து இருக்கையில் கால்களை ஆட்டிக்கொண்டே, "அறுபத்திரண்டுல நம்ம தாத்தா இங்க வந்திருப்பாரா?" என்றாள். 'இல்லை' என்பது ஒற்றைச் சொல். ஏன் இல்லை என்பதுதான் நீளமானது. 1946-ஆம் ஆண்டுச் சட்டப்படி இந்தியாவிலிருந்து அமெரிக்காவில் குடியேற அனுமதிக்கப்பட்டவர்கள் ஆண்டுக்கு நூறு பேர். லட்சமும் அல்ல, ஆயிரமும் அல்ல, நூறு. 1965-இல் புதிய குடியேற்றச் சட்டம் வந்த பிறகே கதவு திறந்தது. டி.டபிள்யூ.ஏ. அந்நாட்களில் பம்பாய்க்கே பறந்துகொண்டிருந்தது. இந்தியாவுக்கு வாருங்கள் என்று வண்ணச் சுவரொட்டிகள் அச்சிட்டது. மாணவராகவோ அரசு அலுவலராகவோ வந்த நம்மவர் சிலர் அந்தக் கூரையின் கீழ் நடந்திருக்கக்கூடும். ஆனால் 1962-ஐ ஒரு பொற்காலமாக நினைத்து ஏங்குவதற்கு எங்கள் குடும்பத்துக்கு எந்த உரிமையும் இல்லை. இருந்தும் அந்தச் சிவப்பு இருக்கையில் அமர்ந்தபோது ஏங்கினோம். பிறருடைய நினைவைக் கட்டணம் செலுத்தி அணிந்துகொள்ள முடிகிறது. அது பொருந்தியும் விடுகிறது.

விடுதியில் விமானப் பணிப்பெண்களின் சீருடைகள் காட்சிக்கு இருக்கின்றன. வாலன்டினோ, ரால்ஃப் லாரன் போன்ற பெரிய பெயர்கள் வடிவமைத்தவை. அழகானவைதாம். அந்தச் சீருடைக்குள் யார் நுழையலாம் என்பதற்கும் ஒரு வரலாறு உண்டு. ரூத் கரோல் டெய்லர் என்ற கறுப்பினச் செவிலியரை டி.டபிள்யூ.ஏ. வேலைக்கு எடுக்க மறுத்தது. அவர் மாநில ஆணையத்தில் புகார் கொடுத்தார். 1958 பிப்ரவரியில் மொஹாக் என்ற சிறிய நிறுவனத்தின் விமானத்தில், அமெரிக்காவின் முதல் கறுப்பின விமானப் பணிப்பெண்ணாகப் பறந்தார். ஆறே மாதம். திருமணம் செய்துகொண்டால் வேலை இல்லை என்ற அக்கால விதி அவரை வெளியேற்றியது.

இன்னொரு செய்தி எங்களுக்கு வேடிக்கையாகவும் கசப்பாகவும் இருந்தது. 1968-இல் டி.டபிள்யூ.ஏ.வே தன் உள்நாட்டு விமானங்களைக் 'கருப்பொருள்' விமானங்களாக்கியது. பிரான்ஸ், இத்தாலி, பழைய இங்கிலாந்து, நியூயார்க் என்று நான்கு பாணிகள்; அதற்கேற்ப உணவு, இசை. பணிப்பெண்களுக்கும் அதற்கேற்ற உடை, காகிதத்தில். உண்மையாகவே காகிதம். கிழிந்தது, தீப்பற்றும் என்ற அச்சமும் இருந்தது. சீக்கிரமே கைவிட்டார்கள். இன்று கருப்பொருளாகிவிட்ட நிறுவனம், தான் உயிரோடிருந்தபோதே வேறு ஊர்களின் வேடத்தைத் தன் ஊழியர்களுக்குப் போட்டு விற்றது.

பிறகு உண்மையான முடிவு. 2001-இல் நிறுவனம் கைமாறியபோது டி.டபிள்யூ.ஏ.வின் பணிப்பெண்களும் பணியாளர்களும் புதிய நிறுவனத்தின் பணிமூப்புப் பட்டியலில் கடைசியில் சேர்க்கப்பட்டார்கள். இருபது, முப்பது ஆண்டுகள் பறந்தவர்கள், நேற்றுச் சேர்ந்தவருக்கும் கீழே. ஆட்குறைப்பு வந்தது, 2003-க்குள் அவர்களில் ஆயிரக்கணக்கானோர் வேலை இழந்திருந்தார்கள். அதற்கும் முன்னால், 1996 ஜூலை 17 அன்று, இதே விமான நிலையத்திலிருந்து பாரிஸுக்குக் கிளம்பிய டி.டபிள்யூ.ஏ. 800 விமானம் லாங் ஐலண்ட் கடற்கரையருகே வெடித்துச் சிதறி 230 பேர் இறந்தார்கள். அவர்களுக்கான நினைவிடம் அந்தக் கடற்கரைப் பூங்காவில் இருக்கிறது. ஒரு விடுதியின் வரவேற்புக் கூடத்தில் இதை எழுதி வைக்க வேண்டுமென்று யாரும் எதிர்பார்க்கமாட்டார்கள். மறுநாள் விமானம் ஏறப்போகிறவர்கள் தூங்க வேண்டிய இடம் அது. பொழுதை 1962-இல் நிறுத்திவிட்டால் பின்னால் வந்தது எதுவும் இன்னும் நடக்கவில்லை என்பது எவ்வளவு வசதி!

எங்கள் வாதம் இதுதான். எங்களில் ஒருவர், அந்த இரவிலேயே மகளுக்கு நூறு பேர் கணக்கையாவது சொல்லியிருக்க வேண்டும் என்கிறோம். கேட்டவளுக்குப் பதில் தராமல் "தாத்தா அப்ப தஞ்சாவூர்ல இருந்தாரு" என்று நழுவியது, அந்த விடுதி செய்வதையே வீட்டுக்குள்ளும் செய்வதாகும். அழகான பொருள்களை மட்டும் கையில் கொடுத்து வளர்க்கப்படும் குழந்தை, அந்தப் பொருள்களுக்குப் பின்னால் மனிதர் யாரும் இல்லை என்று நினைத்துக்கொள்ளும். எங்களில் மற்றவர், ஒன்பதாம் எண்ணைச் சுழற்றிக்கொண்டிருக்கும் பெண்ணிடம் குடியேற்றச் சட்டம் பேசுவது, பெரியவர்களின் ஏக்கத்துக்குப் பதிலாகப் பெரியவர்களின் மனக்குறையை அவள் தலையில் ஏற்றுவது என்கிறோம். அவள் அந்த இடத்தை எந்தக் காலத்தின் பெயராலும் பார்க்கவில்லை. வட்டாகவும் வளைவாகவும் குழாயாகவும் பார்த்தாள். சாரினென் விரும்பியிருக்கக்கூடியதும் அதுதான். அதைக் கெடுப்பானேன்?

இரண்டாவது கட்சியில் ஓர் ஓட்டை இருக்கிறது. கேள்வியைக் கேட்டது நாங்கள் அல்ல, அவள். வட்டையும் வளைவையும் தாண்டி, இங்கே யார் இருந்தார்கள் என்று அவளுக்குத் தோன்றிவிட்டது. விமான நிலையத்துக்கு இலக்கணப்படி உரிப்பொருள் சொல்ல வேண்டுமென்றால் பிரிவு என்றுதான் சொல்ல வேண்டும், அது பாலை. அலங்காரம் செய்தவர்கள் அதை எவ்வளவு மூடினாலும், யார் வந்தார்கள், யார் போனார்கள், யாருக்கு வர முடியவில்லை என்ற கேள்வி அங்கே எழுந்துவிடுகிறது, ஒன்பது வயதிலும்.

முதற்கட்சிக்கும் ஒரு தொல்லை உண்டு. பணிமூப்புப் பட்டியலையும் காகித உடையையும் ரூத் கரோல் டெய்லரையும் எந்த வயதில், எந்த வரிசையில் சொல்வது? எண்ணூறாம் எண் விமானத்தைப் பற்றி, விமானம் ஏறுவதற்கு முந்தைய இரவில் எந்தப் பெற்றோரும் பேசமாட்டார்கள். பேசக் கூடாது என்பதில் எங்கள் இருவருக்கும் ஐயமில்லை.

நூறு பேர் கணக்கை ஊர் திரும்பிய பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை சொன்னோம். கொஞ்ச நேரம் யோசித்தாள். "அந்த நூறு பேர யாரு எண்ணினாங்க?" என்றாள். அதன் பிறகு, அந்த நூற்றில் குழந்தைகளும் சேர்த்தியா என்று கேட்டாள்.