சாரதியின் கண்ணும் சாரதியின் கையும்

கதையுமின்றி, நடிகருமின்றி, ஒரு மணி நேரத்துக்கு மேலாக ஓடும் திரைப்படம் ஒன்றைச் சிலர் மீண்டும் மீண்டும் பார்த்து மகிழ்கின்றனர் என்று கூறின், நம் இலக்கிய அன்பர்களுட் பலர் நகைப்பர். ஆயினும் அத்தகைய படங்கள் உலகில் ஏராளமாக உள்ளன. நிலக்கீழ் இரயிலின் முன்புறத்தே, சாரதி அமரும் அறையில் படப்பிடிப்புக் கருவியைப் பொருத்தி, பாதையின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை எடுக்கப்படும் படங்களே அவை. முன்பு வீடியோ நாடாக்களாகவும் பின்னர் இறுவட்டுகளாகவும் விற்கப்பட்ட இவை, இன்று இணையத்தின் வழியே வீடுதோறும் வருகின்றன. இருள், தண்டவாளம், சைகை விளக்கு, நிலையம், மீண்டும் இருள். இவையே அவற்றின் பொருள். இவற்றை வேலையற்றோரின் விளையாட்டென ஒதுக்கிவிடலாமா? ஒதுக்கலாகாது என்பதே எமது துணிபு.

இவ்வகைப் படம் நேற்று முளைத்ததன்று. சினிமா பிறந்து ஓரிரு ஆண்டுகளுக்குள்ளாகவே, 1897 இல், அமெரிக்காவின் ஹவர்ஸ்ரோ மலைச் சுரங்கத்தினூடாகச் செல்லும் இரயிலின் முன்னிருந்து படம் பிடித்துவிட்டனர். வண்டியும் தெரியாது, செலுத்துபவரும் தெரியார். காட்சி மாத்திரம் தானே விரைந்து வரும். ஆதலால் இத்தகைய படங்களுக்கு ‘ஆவிச் சவாரி’ என்று பொருள்படும் பெயர் வழங்கிற்று. நியூயோர்க் நகரின் நிலக்கீழ் இரயில் 1904 ஒக்ரோபரில் திறக்கப்பட்டது. அடுத்த ஆண்டிலேயே பில்லி பிற்ஸர் என்பார் 14 ஆம் வீதியிலிருந்து 42 ஆம் வீதி வரை அதனைப் படமாக்கினார். முன்னே ஒரு வண்டி செல்ல, அதனைப் பின்தொடர்ந்த வண்டியிற் கருவி இருந்தது. பக்கத்துத் தண்டவாளத்தில் விளக்குகள் நிறைந்த வண்டியொன்று உடன் ஓடி ஒளி பாய்ச்சிற்று. பிற்காலத்தில் கிரிபித் என்னும் பெரும் நெறியாளரின் ஒளிப்பதிவாளராகப் புகழ் பெற்றவரும் இந்தப் பிற்ஸரே.

இருளைப் பார்ப்பதில் என்ன பயன் என்று கேட்கலாம். லண்டன் மாநகரின் சென்ரல் பாதையை எடுத்துக்கொள்வோம். 1900 இல் திறக்கப்பட்ட பாதை அது. பயணி காண்பன எதிரே இருப்பவரின் முகமும் கரிய கண்ணாடியுமே. சாரதியின் இடத்திலிருந்து நோக்குபவருக்கோ சுரங்கம் வளைந்து வளைந்து செல்வது புலனாகும். பூமிக்கடியில் நேராக அகழ்ந்து செல்லத் தடை என்ன? தனியார் கட்டடங்களின் கீழே தோண்டினால் உரிமையாளருக்குப் பணம் கொடுக்க வேண்டும். ஆகவே பொதுத் தெருவின் அடியிலேயே தோண்டினர். தெரு வளைந்த இடத்திற் சுரங்கமும் வளைந்தது. தெரு ஒடுங்கிய சான்சறி லேன் போன்ற இடங்களில் இரு சுரங்கங்களையும் ஒன்றன்மேல் ஒன்றாக அமைத்தனர். நிலையங்களை மேட்டில் அமைத்தமையால், ஏறும்போது வேகம் தணியும். இறங்கும்போது வேகம் தானே கூடும். 1933 இல் மூடப்பட்ட பிரிட்டிஷ் மியூசியம் நிலையத்தைக் கடக்கையிற் சுரங்கம் ஒரு கணம் அகன்று மறுபடி ஒடுங்கும். மேலேயுள்ள நகரின் சொத்துரிமையும் சிக்கனமும் பழைய வரலாறும் கீழேயுள்ள இருளில் இவ்வாறு பதிந்து கிடக்கின்றன. அவற்றைப் படிக்கக் கற்றவனைப் பித்தன் என்று எவ்வாறு கூறுவது?

2009 இல் நோர்வே நாட்டின் தொலைக்காட்சி, பேர்கனிலிருந்து ஒஸ்லோ வரையான இரயிற் பயணம் முழுவதையும் ஏழு மணி நேரத்துக்கு மேலாக ஒளிபரப்பிற்று. பத்து இலட்சத்துக்கும் மேற்பட்டோர் அதன் ஒரு பகுதியையேனும் பார்த்தனர். ஆனால் வண்டி மலைச் சுரங்கங்களுள் நுழைந்த வேளைகளில் பழைய படங்களையும் செவ்விகளையும் இடையே புகுத்தினர். இருள் சலிப்பூட்டும் என்ற அச்சமே அதற்குக் காரணம் போலும். நிலக்கீழ் இரயிற் படமோ அந்த இருளையே நம்பி நிற்பது.

எனினும் இப்படங்களிலும் ஒரு குறை உண்டு. சாரதியின் கண்ணை நமக்குத் தரும் அவை, அவரின் கையைத் தருவதில்லை. பழைய வண்டிகளிற் கை தளர்ந்தால் வண்டியைத் தானே நிறுத்திவிடும் கைபிடி ஒன்று இருந்தது. பயணம் முழுவதும் அதனை அழுத்திப் பிடித்திருந்த உழைப்பு திரையில் இல்லை. வண்டியின் முன்னே ஒருவர் வீழ்ந்துவிட்டால் அந்தக் காட்சியை வாழ்நாளெல்லாம் சுமப்பவர் சாரதியே; அந்த அச்சமும் திரையில் இல்லை. 1975 பெப்ரவரி 28 ஆம் திகதி லண்டன் மூர்கேற் நிலையத்தில், முடிவிடத்தில் நிற்க வேண்டிய வண்டி நில்லாது சுவரில் மோதிற்று. சாரதி உட்பட 43 பேர் மாண்டனர். அவர் ஏன் நிறுத்தவில்லை என்பது இன்று வரை ஐயமறத் துணியப்படவில்லை. நாற்காலியில் இருந்தபடி படத்தைச் சுவைப்பவன், தான் அமர்ந்திருப்பது இத்தகைய பொறுப்பின் ஆசனம் என்பதை மறத்தல் தகாது. சாரதியின் பேச்சும், அவர் தம் தொழிலைப் பற்றித் தரும் விளக்கமும் சேர்ந்த படங்களே இவ்வகையிற் சிறந்தவை என்று யாம் கருதுவதும் இதனாலேயே.

இன்னொன்றும் கருதத்தக்கது. அந்த ஆசனமே மெல்ல மறைந்துவருகின்றது. லண்டன் விக்ரோறியா பாதை 1968 இல் திறந்த நாள் தொட்டே வண்டி தானே ஓடித் தானே நிற்கும். சாரதி கதவுகளைக் கவனித்துப் புறப்பாட்டுப் பொத்தான்களை அழுத்துவார். யூபிலி பாதை 2011 இலும் நோதேண் பாதை 2014 இலும் அந்நெறிக்கு மாறின. பாரிஸ் நகரின் 14 ஆம் பாதையிலோ 1998 இல் திறந்த காலந்தொட்டுச் சாரதியே இல்லை. முன் கண்ணாடியருகே பயணிகள் நின்று சுரங்கத்தைப் பார்க்கின்றனர். கண் அனைவருக்கும் கிட்டிவிட்டது. கைக்கு வேலை இல்லை.

ஏர் பிடித்தவனின் பாட்டையும் ஓடம் வலித்தவனின் பாட்டையும் தேடித் தொகுப்பதை இலக்கியப் பணி என்று போற்றுகின்றோம். இருளில் நாள்தோறும் ஆயிரக்கணக்கானோரைக் கொண்டுசென்றவர் கண்ட காட்சியும் அவ்வாறே பேணத்தக்கது. பொழுதுபோக்காளர் ஆர்வத்தாற் சேர்த்துவைத்த இப்படங்களை நூதனசாலைகளும் நூலகங்களும் ஏற்றுக் காக்க வேண்டும். பழைய சாரதிகள் வாழும்போதே, அவர்களை அப்படங்களின் முன் அமர்த்தி, ஒவ்வொரு வளைவிலும் தம் கை என்ன செய்தது என்று சொல்லச் செய்து பதிவுசெய்தலும் வேண்டும். காலம் தாழ்த்தினால் வெறும் சுரங்கமே எஞ்சும்.