ஸ்பீடு பிரேக்கர் வந்தாலே திக்கும் பைக்... காரணத்தை சோக் சொல்லும்!

பொம்மிடியில் இருக்கும் என் சித்தப்பாவின் 100 சிசி பைக், நாற்பதைத் தாண்டிவிட்டால் சமர்த்துப் பிள்ளை. ஸ்பீடு பிரேக்கரில் வேகம் குறைந்து, மறுபடி லேசாக ஆக்ஸிலேட்டரை முறுக்கும்போதுதான் வம்பு. ஒரு நொடி இழுக்காமல் திக்கும். அப்புறம் வெடுக்கென்று பாயும்.

போன மாதம் பொம்மிடி ரயில்வே ஸ்டேஷனிலிருந்து என்னை அழைத்துப் போக அதில்தான் வந்தார். மெயின் ரோட்டைக் கடக்கும்போது நட்ட நடுவில் வண்டி திக்கியது. பக்கவாட்டில் லோடு லாரி! ஹாரன் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது.

"ரெண்டு கடையில காட்டிட்டேன்பா. ஒருத்தர் கார்புரேட்டரையே மாத்தணும்னார். இன்னொருத்தர் ஐடிலிங்கை ஏத்திவிட்டு, சரியாப்போச்சுன்னார்" என்றார். ஐடிலிங்கை ஏற்றினால் வண்டி ஆஃப் ஆகாது, அவ்வளவுதான். திக்கல் அப்படியே இருக்கும், பெட்ரோல்தான் கூடுதலாகக் குடிக்கும்.

மூன்றாவதாகப் போன கடையில் இருந்தவர் வயசானவர். ஸ்பேனரைத் தொடவே இல்லை. இன்ஜின் சூடாகும்வரை ஓடவிட்டார். சோக்கைப் பாதி இழுத்து, ஆக்ஸிலேட்டரை லேசாக முறுக்கினார். திக்கல் காணோம்!

"பாத்தியா தம்பி, பெட்ரோல் பத்தாமத்தான் திக்குது."

விஷயம் இதுதான். சோக்கை இழுத்தால் காற்று குறையும், கலவையில் பெட்ரோலின் பங்கு கூடும். அப்போது வண்டி சரியாக இழுத்தால், குறை பெட்ரோல் வரத்தில். ஸ்லோ ஜெட் அடைத்திருக்கலாம். கார்புரேட்டருக்கும் இன்ஜினுக்கும் நடுவே உள்ள ரப்பர் வெடித்து, வேண்டாத காற்று உள்ளே போகலாம். சோக் போட்டதும் இன்னும் மோசமாகத் திணறினால் கதை தலைகீழ்: பெட்ரோல் அதிகம். ஏர் ஃபில்டர் தூசியில் அடைத்திருக்கும், அல்லது கார்புரேட்டர் கிண்ணத்தில் பெட்ரோல் மட்டம் ஏறியிருக்கும். அப்படி ஓடும் வண்டியில் பிளக்கைக் கழற்றினால் கரி அப்பியிருக்கும். சோக்கினால் எந்த மாற்றமும் இல்லையா? பிளக், டேப்பெட் பக்கம் பாருங்கள்.

குறைந்த வேகத்தில் மட்டும் ஏன்? ஆக்ஸிலேட்டரைக் கொஞ்சமாகத் திறக்கும்போது பெட்ரோல் பெரும்பாலும் ஸ்லோ ஜெட் வழியாகத்தான் வரும். நன்றாக முறுக்கிய பிறகுதான் மெயின் ஜெட்டுக்கு வேலை. இந்த ஸ்லோ ஜெட்டின் துளை அரை மில்லிமீட்டருக்கும் குறைவு. சித்தப்பா மூன்று மாதம் திருப்பூரில் வேலைக்குப் போயிருந்தார். வண்டி திண்ணையோரம் நின்றது. கிண்ணத்தில் கிடந்த பெட்ரோல் ஆவியாகி, பிசின் மாதிரி மிச்சம் துளையில் படிந்துவிட்டது. போதாக்குறைக்கு இப்போதைய பெட்ரோலில் 20 சதவிகிதம்வரை எத்தனால் வேறு. அது ஈரத்தை இழுக்கும். பழைய டேங்கில் துரு பிடிக்க அது போதும்.

ஜெட்டைக் கழற்றி, கிளீனர் ஸ்பிரே அடித்து, காற்று பிடித்தார். நான் ஆர்வக்கோளாறில் ஒரு கம்பியை நீட்ட, "ஏம்பா, துளை பெருசாயிடும்" என்று திட்டு வாங்கினேன். கடைசியாக ஏர் ஸ்குரூவைச் சரிசெய்து, ஏற்றி வைத்திருந்த ஐடிலிங்கையும் இறக்கினார். கூலி 250 ரூபாய்.

2020 ஏப்ரலுக்குப் பிறகு பிஎஸ்-6 விதியோடு வந்த பைக்குகள் பெரும்பாலும் ஃப்யூயல் இன்ஜெக்‌ஷன். அவற்றில் இந்த சோக் வைத்தியம் செல்லாது. மீட்டரில் இன்ஜின் விளக்கு எரிகிறதா பாருங்கள். ஸ்கேனர் உள்ள கடைக்குத்தான் போகவேண்டும். எந்த வண்டியானாலும், முறுக்கும்போதும் விடும்போதும் 'டக் டக்'கென்று வெட்டினால் முதலில் செயினைப் பாருங்கள். அது தொய்ந்திருந்தாலும் திக்குவது போலத்தான் தெரியும்.

சித்தப்பா மறுபடி திருப்பூர் கிளம்பிவிட்டார். இந்த முறை பெட்ரோல் காக்கை மூடி, வண்டி தானாக ஆஃப் ஆகும்வரை ஓடவிட்டு, கிண்ணத்தைக் காலி செய்துவிட்டுத்தான் பஸ் ஏறினார். சாவி சித்தியிடம்.