கண்ணாடியில் உறங்கும் முகங்கள்

தென்னேரிக் கூட்டம் முடிந்த இரவு, நெசவாளர் இல்லமொன்றில் உணவு. உண்டு எழுந்ததும், பழைய நாளிதழில் பொதிந்த பொருளொன்றை நீட்டினார் வீட்டு முதியவர். கண்ணாடித் தகடு! விளக்கெதிரே பிடித்தேன். கருமை வெண்மையாக, வெண்மை கருமையாக, கரைவேட்டியுடன் நிமிர்ந்து நின்றார் ஒருவர்.

“எங்க தாத்தா, தம்பி! படக்கடையை மூடினப்போ வீசி எறிஞ்சதுலே இது ஒண்ணுதான் மிஞ்சிச்சு” என்றார்.

தோழர்களே! மன்னனுக்குக் கல்வெட்டு உண்டு. காஞ்சிக் கைலாசநாதர் கோயிலில் பல்லவனின் எழுத்து இன்றும் நிற்கிறது. பல்லவர் கட்டடக் கலையைப் படங்களோடு 1909இல் நூலாக்க அலெக்சாண்டர் ரே வந்தார். தறிக்குழியில் வாழ்நாளைக் கழித்தவனுக்கு எது கல்வெட்டு? இந்தத் தகடுதானே!

“பழங்கண்ணாடிக்கு இத்தனை பரிவா?” என்று கேட்பார் உண்டு. சரிகையில் மின்னுவது வெள்ளி. தகட்டில் உருவாய் நிற்பதும் வெள்ளி! கிழிந்த பட்டை வாங்கிச் சரிகையை உருக்குவதுபோல், தகடுகளைச் சுரண்டி வெள்ளி எடுத்தனர். கழுவிச் சன்னலுக்குக் கண்ணாடியாக்கினர். எஞ்சியதை ஈரம் தின்கிறது. 1871இல் ஆங்கில மருத்துவர் மேடாக்ஸ் வழிகண்ட தகட்டில், வெள்ளியைப் பற்றி நிற்பது ஜெலட்டின் பூச்சு. ஈரம் பட்டால் அது ஊதும், பூஞ்சை படரும், உரிந்து விழும்.

அடியில் ஒளி, மேலே கேமரா, மின்படி எடுத்துவிடலாம். பிரிட்டிஷ் நூலகத்தின் துணையோடு புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம், தமிழ்நாட்டுப் பழைய ஸ்டூடியோப் படங்களைத் தேடி மின்படியாக்கியது. வாழ்த்துகிறோம்! ஆனால், இலண்டனுக்கு இருந்த அக்கறை நமக்கு இருக்க வேண்டாமா?

படியெடுத்தபின் தகட்டை எறிவது அறிவாகுமா? சேலையின் படம் இருக்கிறதென்று சேலையைக் கொளுத்துவார் உண்டா? அமிலமற்ற தாளில் பொதிந்து, அடுக்காமல் நிமிர்த்தி நிறுத்தி, ஈரமில்லா அறையில் காக்க வேண்டும். அதனினும் முதன்மையான பணி ஒன்றுண்டு. முகத்தைக் கண்டு, “இவர் இன்னார்” எனச் சொல்லும் முதியோர் உள்ளபோதே பெயரையும் ஊரையும் தொழிலையும் தமிழில் எழுதிவிட வேண்டும். தகடு உடைந்தால் ஓசையாவது கேட்கும். பெயர் மறைந்தால் அதுவும் கேட்காது!

காஞ்சி மாவட்டத்துக்கென ஒரு காப்பறை கேட்கிறோம். மாளிகை அன்று, உலர்ந்த அறை ஒன்று! அரசு அமைக்கட்டும், பரணில் கிடக்கும் தகடுகளைத் தோழர்கள் கொண்டு சேர்க்கட்டும்.

ஐப்பசி மழை வரும். தென்னேரி நிரம்பட்டும்! தாத்தாவின் முகம் கரைய வேண்டாம்!