பூக்கும் முன்னே அள்ளுங்கள்

ஆற்றுவாழை இலங்கைக்கு அழகுச் செடியாகத்தான் வந்தது. வந்த சில ஆண்டுகளிலேயே, 1909இல், அதைத் தடுக்கத் தனிச் சட்டம் இயற்ற வேண்டியதாயிற்று. நூறு ஆண்டு கடந்தும் மட்டக்களப்பு வாவியில் நன்னீர் சேரும் இடங்களில் அது மண்டுகிறது என்றால், நீரை முழுக்க மூடிய பிறகே நாம் அள்ளத் தொடங்குவதுதான் காரணம். உப்பிய இலைக்காம்பு, ஊதாப் பூவின் மேலிதழில் மஞ்சள் பொட்டு, அடையாளம் இவ்வளவே. பூத்துவிட்டாலோ விதை சேற்றில் பல ஆண்டு உயிரோடு கிடக்கும்.

பசளைக்கு உதவுமே என்பார்கள். அள்ளியது உதவட்டும், அதற்கென வளரவிட்டால் தோணியும் வலையும் முடங்கும். கரையோரம் குவித்தாலும் மாரி வெள்ளம் திரும்ப இழுத்துக்கொள்ளும். மாங்கேணிப் பக்கத்துக் குளங்களில் ஒரு செடி கண்டாலும், மாரிக்கு முன்னே வேரோடு எடுத்து, கரைக்கு எட்டத்தில் காயவிடுங்கள்.