காதைச் சோதிக்க எம் பிள்ளைகள் வேண்டும்

“கூப்பிட்டால் திரும்பியும் பார்க்க மாட்டாள், சாமி. அவ்வளவு திமிர்.” தன் ஆறு வயது மகளைப் பற்றி ஒரு தாய் எம்மிடம் இப்படித்தான் முறையிட்டார். மண்சரிவுக்குப் பயந்து லயத்தையும் மரக்கறித் தோட்டத்தையும் விட்டு இறங்கி, பாடசாலைக் கட்டடமொன்றில் தங்கியிருந்த குடும்பம் அது. பிள்ளைக்குத் திமிர் எதுவும் இல்லை. காது கேட்கவில்லை, அவ்வளவுதான்.

அவளைத் தூரத்து வைத்தியசாலை ஒன்றுக்கு அழைத்துச் சென்றோம். சோதித்தவர் அன்பானவர், ஆனால் அவருக்குத் தமிழ் தெரியாது. அவர் சிங்களத்தில் சொன்னதில் எமக்கு விளங்கியதைத் தாய்க்குத் தமிழில் சொன்னோம். காதுக்கு மிஷின் கிடைத்தது. மூன்று மாதம் கழித்துப் போய்ப் பார்த்தபோது அது பிஸ்கட் டின்னுக்குள் கிடந்தது. நாள் முழுவதும் போட்டால் உள்ள கேள்வியும் போய்விடும் என்று தாய் பயந்திருக்கிறார். அப்படி ஆகாது என்று அவருடைய மொழியில் எடுத்துச் சொல்ல அங்கே ஒருவரும் இருக்கவில்லை.

இந்தக் குறையைத் தீர்க்க வேண்டியவர்கள் எமது பிள்ளைகளே என்பது எம் கருத்து.

காது, மூக்கு, தொண்டை வைத்தியர் நோய்க்கு மருந்து தருவார், சத்திரசிகிச்சை செய்வார். எவ்வளவு கேட்கிறது, எந்த ஒலி கேட்கவில்லை என்று அளந்து, பொருத்தமான கருவியைத் தெரிந்து, அதனுடன் வாழப் பழக்குபவர் வேறொருவர். அவரே ஓடியோலொஜிஸ்ட் எனப்படும் செவிப்புலனியலாளர். இரண்டாம் உலகப் போரில் செவிப்புலன் இழந்து திரும்பிய படைவீரருக்காக அமெரிக்காவில் வளர்ந்த தொழில் இது. அங்கே இதற்கு வழிகாட்டியவர்களுள் ரேமண்ட் கார்ஹார்ட் முதன்மையானவர்.

இன்று பிறந்த குழந்தையையும் தூக்கத்திலேயே சோதிக்கலாம். காதில் மெல்லிய ஒலியை அனுப்பினால், நல்ல உட்காது மிக நுண்ணிய ஒலியைத் திருப்பித் தருகிறது. கருவி அதைப் பதிவு செய்கிறது. முதல் மாதத்துக்குள் சோதனை, மூன்றாம் மாதத்துக்குள் உறுதிப்படுத்தல், ஆறாம் மாதத்துக்குள் உதவி என்பதே உலகெங்கும் சொல்லப்படும் ஒழுங்கு. எம் சிறுமிக்கோ ஆறு வருடம் போய்விட்டது. மொழி படியும் வருடங்கள் அவை.

ஒலியை அளக்கக் கருவி போதும். பேச்சு விளங்குகிறதா என்று அறியச் சொற்கள் வேண்டும். “பால்” என்றால் “கால்” என்று கேட்கிறதா, “பல்” என்று கேட்கிறதா என்பதைத் தமிழ் தெரிந்தவரே பார்க்க முடியும். காதில் சுடுஎண்ணெய் விடாதீர்கள், சீழ் வடிவதைச் சாதாரணமென்று விடாதீர்கள் என்று தாய்மாருக்கு மனதில் படும்படி சொல்வதற்கும் அவர்களது மொழி வேண்டும். பிள்ளைப் பருவக் கேள்விக் குறைபாட்டில் 60 வீதம் தடுக்கக்கூடியது என்று உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. தேயிலைத் தொழிற்சாலையின் இரைச்சலுக்குள் ஆண்டுக்கணக்கில் நிற்போருக்கும் இந்தச் சேவை தேவை.

“காணியும் வீடும் இல்லாத எங்களுக்கு இப்போது காதா பெரிது?” என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் 2014 ஒக்டோபர் 29 இல் கொஸ்லந்தை மீரியபெத்தையில் நடந்ததை நாம் மறக்கவில்லை. மலை அசையும்போது எச்சரிக்கை அநேகமாகக் காது வழியாகவே வருகிறது: அயலவர் போடும் கூச்சலாக, ஒலிபெருக்கியாக, மண்ணின் முனகலாக. அதைக் கேட்காத பிள்ளையை யார் எழுப்புவது? மேலும், காணி இழந்த குடும்பம் அடுத்த தலைமுறைக்குக் கொடுக்கக்கூடிய சொத்து கல்விதான்.

களனிப் பல்கலைக்கழகத்தின் றாகம மருத்துவ பீடத்தில் பேச்சு, செவிப்புலன் விஞ்ஞானத்தில் நான்கு வருடப் பட்டப்படிப்பு உண்டு. இந்தியாவில் 1965 இல் நிறுவப்பட்ட மைசூர் அகில இந்திய பேச்சு, செவிப்புலன் நிறுவகம் புகழ் பெற்றது. இலங்கை மாணவருக்கு இந்திய அரசு புலமைப்பரிசில்களும் வழங்கி வருகிறது.

பாதை இலேசானது என்று நாம் சொல்லவில்லை. எமது தோட்டப் பாடசாலைகளில் பெரும்பாலானவற்றில் உயர்தர விஞ்ஞானப் பிரிவு இல்லை. பதுளை, பண்டாரவளை, பசறை போன்ற பட்டணங்களுக்குப் போய்ப் படிக்க வேண்டும். பஸ் காசு வேண்டும், தங்க இடம் வேண்டும். பட்டப்படிப்பு ஆங்கிலத்தில். முடித்ததும் அரச நியமனம் கையில் வந்து விழாது. ஆனால் அரச வைத்தியசாலை, தனியார் வைத்தியசாலை, செவிப்புலன் கருவி நிலையம், விசேட கல்வி எனப் பல வாசல்கள் உண்டு. பல்கலைக்கழக அனுமதியில் பதுளை பின்தங்கிய மாவட்டமாகக் கணிக்கப்படுவதும் எமக்குச் சாதகமே. பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் கைந்நூலை வாங்கி, தேவையான பாடங்கள் எவையென்று ஆசிரியரிடம் கேளுங்கள். பாடம் தெரிய முன்பே கேளுங்கள்.

ஒருகாலத்தில் தோட்டத்துக்கு ஆசிரியர் வெளியிலிருந்தே வரவேண்டும் என்றிருந்தோம். பத்தனை ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரி வந்த பின் எமது பிள்ளைகளே எத்தனையோ பேர் ஆசிரியரானார்கள். காதைச் சோதிப்பவரும் எம்மிடமிருந்து வரலாம். ஆனால் ஒரு குடும்பம் தனியே இந்தச் செலவைத் தாங்காது. மரணாதாரச் சங்கத்துக்கு மாதந்தோறும் பணம் சேர்க்கும் நாம், படிக்கும் ஒரு பிள்ளையின் பஸ் காசுக்கும் அப்படியே சேர்க்கலாம்.

அந்தச் சிறுமிக்கு ஓர் அக்கா இருக்கிறாள். இந்த வருடம் சாதாரணதரப் பரீட்சை எழுதுகிறாள், விஞ்ஞானத்தில் கெட்டிக்காரி. தங்கைக்குச் சைகையாலும் வாயசைவாலும் எல்லாவற்றையும் விளங்கப்படுத்துபவள் அவள்தான். பரீட்சை முடிந்ததும் அவளைக் கொழும்புக்கு வீட்டு வேலைக்கு அனுப்பப் பேச்சு நடக்கிறது. பெற்றோரைக் குறை சொல்ல எமக்கு மனம் வரவில்லை. கடன் அவர்களை நெருக்குகிறது. ஆனாலும் அவர்களிடம் இரண்டு வருடம் பொறுக்கச் சொல்லிக் கேட்டிருக்கிறோம். அந்த இரண்டு வருடத்தையும் அவர்களோடு சேர்ந்து சுமக்க எத்தனை குடும்பங்கள் முன்வரும் என்று உங்களிடமும் கேட்கிறோம்.