கூண்டு அப்புறம், குப்பை முதலில்!

மயிலாடுதுறை சிறுத்தையை மறந்துவிட்டோமா? 2024 ஏப்ரலில் ஊருக்குள்ளேயே புகுந்தது. பள்ளிகளுக்கு லீவு! கூண்டு வைத்தார்கள், கேமரா கட்டினார்கள். அதுவோ டிமிக்கி கொடுத்துவிட்டு, அரியலூர் மாவட்டம் செந்துறையில் தலைகாட்டியது! 2022-ல் நம்ம துறையூர் பக்கம் ஆங்கியத்தில் ஆட்களையே தாக்கியது.

"பிடிச்சு காட்டுல விடுங்க சார்" என்று சொல்வது சுலபம். மராட்டிய மாநிலம் ஜுன்னார் பக்கம் 2001 முதல் அப்படித்தான் பிடித்துப் பிடித்து வேறு இடத்தில் விட்டார்கள். தாக்குதல் குறைந்ததா? கூடியது!

சிறுத்தைக்கு நாய் என்றால் கொள்ளை ஆசை. நாய்க்கோ கோழிக்கழிவு. ராத்திரியில் ஆற்றங்கரையில் அதை மூட்டை மூட்டையாகக் கொட்டுவது யார்? சிறுத்தையா? நாம்தானே!

கடைக்காரர்களே, கொட்டாதீர்கள். மாநகராட்சியே, தினமும் அள்ளுங்கள். விருந்து வைத்துவிட்டு, விருந்தாளி வந்தால் அலறலாமா?